ரெட்டைக்குத்து அத்தை

போனை எடுத்தது நான்தான். ஸ்கூல் ட்ரிப் ஓட்டும் டிரைவர் அக்கா மறுமுனையில் இருந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி அணைந்து தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டதாம். உள்ளே ஆறு பிள்ளைகள். சாவியைத் திருப்பத் திருப்ப ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் போனவர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். வண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு கேட் மணி அடித்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "உங்க அத்தைகிட்ட சொல்லு" என்றார். பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

அத்தை அப்போது ஒரு ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் வாயில் இருந்த பிளாஸ்டிக் துண்டைத் துப்பக்கூட இல்லை. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "முன்சீட்டுல எந்தப் புள்ள உக்காந்திருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதிர்ச்சி வந்தால் சிலர் கத்துவார்கள். அத்தை இப்படி எதையாவது கேட்பாள்.

அந்த வண்டி அவள் கைபட்ட வண்டி. அதற்கு முன்பே இதே புகாரோடு மூன்று முறை எங்கள் ஷெட்டுக்கு வந்து, மூன்று முறையும் "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிப் போன வண்டி.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இன்ஜின் மெக்கானிக். ஒரே தகரக் கூரையின் கீழ் இடப்பக்கம் மாமாவின் எண்ணெய்க் குழி, வலப்பக்கம் அத்தையின் ஒயர் மேசை. கல்லூரிக்குப் போக இங்கிருந்துதான் பஸ் வசதி என்பதால் நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே இருந்துகொண்டிருந்தேன். காலையில் வேலைக்கு விண்ணப்பம் போடுவது, மாலையில் ஷெட்டில் பழைய கார் சீட்டில் சாய்ந்து கிடப்பது, இதுதான் என் நாள்.

அத்தை ஒயரிங் வேலைக்கு வந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் மாமாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒயர் கோளாறு பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், மற்றவர் டெஸ்ட் விளக்கைப் பார்க்க வேண்டும். "நீ பல்பு எரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லு, போதும்" என்று மாமா சாப்பாடு கொண்டுவந்தவளைப் பிடித்து நிறுத்தினார். அத்தை பல்பைப் பார்த்தாள். மறுநாள், இது எந்த ஒயர் என்று கேட்டாள். அடுத்த வாரம், அது ஏன் அங்கே போகிறது என்று கேட்டாள். பதில் சொல்லிச் சலித்துப்போன மாமா மேசையையே அவளிடம் விட்டுவிட்டார். அவருக்கு அதில் நிம்மதிதான். இன்ஜின் கோளாறு நேர்மையானது என்பார் அவர். புகை விடும், தட்டும், ஒழுகும், வாயைத் திறந்து சொல்லிவிடும். ஒயர் கோளாறு, அதிலும் வந்து வந்து போகும் கோளாறு, பக்காத் திருடன். ரோட்டில் கழுத்தை அறுக்கும். ஷெட் வாசலுக்கு வந்ததும் சாமியாராகிவிடும்.

அத்தையின் ஆயுதம் டெஸ்ட் விளக்கு. ஸ்குரூடிரைவர் போன்ற கைப்பிடி, அதற்குள் சின்ன பல்பு, முனையில் ஊசி, வாலில் ஒரு நீள ஒயரும் கிளிப்பும். கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டிவிட்டு, சந்தேகப்படும் ஒயரின் தோலில் ஊசியைக் குத்தினால், மின்சாரம் இருந்தால் பல்பு எரியும். எல்லா எலக்ட்ரீஷியனும் ஒரு முறை குத்துவார்கள். அத்தை இரண்டு முறை குத்துவாள். முதல் குத்தில் பல்பு எரியாவிட்டால் அது ஒயரின் குற்றமா, ஊசி சரியாக உள்ளே போகவில்லையா என்று தெரியாதல்லவா? எரிந்தாலும் விடமாட்டாள். பக்கத்திலேயே இன்னொரு குத்து, உறுதிக்கு. கடைத்தெருவில் அவளுக்கு 'ரெட்டைக்குத்து' என்று பெயர் வைத்தவர்களில் மாமா முதல் ஆள். அத்தை அதற்குக் கோபப்பட்டதே இல்லை. சொல்லப்போனால் அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கேட் சம்பவம் நடந்த அன்று மாலையே பிள்ளைகளின் பெற்றோர் டிரைவர் அக்காவின் வீட்டில் கூடிவிட்டார்கள். யாரும் கத்தவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றார் அக்கா. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா மட்டும் பேசினாராம். வண்டி ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். 'சரியாகிவிட்டது' என்ற பதில் வேண்டாம், அதை மூன்று முறை கேட்டாகிவிட்டது. காரணம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடும்போது காரணம் சொன்னால் பிள்ளைகளை அனுப்புவோம், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம்.

அந்த ட்ரிப் போனால் கடன் தவணை கட்ட முடியாமல் அக்காவுக்கு வண்டியும் போய்விடும். கணவர் விட்டுப்போன பிறகு அவரையும் அவர் அம்மாவையும் தூக்கி நிறுத்தியது அந்த வண்டிதான். மறுநாள் காலை அதை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"நான் தனியா போறப்ப தங்கமா ஓடுதுக்கா. பசங்க ஏறினாத்தான் இதுக்குக் கேடு வருது."

"உன் பசங்க போடற சத்தத்துக்கு நானா இருந்தாலும் நின்னுருவேன்" என்றார் மாமா குழிக்குள்ளிருந்து.

இதே பேச்சைப் போன முறையும் அக்கா சொல்லியிருந்தார், போன முறையும் மாமா இதே மாதிரி ஏதோ சொல்ல, நாங்கள் சிரித்திருந்தோம். இந்த முறை அத்தை சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் நின்று இரண்டு கையாலும் அழுத்தினாள். வண்டி இறங்கி ஏறியது. மறுபடி அழுத்தினாள்.

"நாம எப்பவும் காலி வண்டியத்தான ஓட்டிப் பாத்தோம்?" என்றாள்.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. உபயோகமில்லாத பழைய பேட்டரிகளை எல்லாம் பின்னால் அடுக்கினோம். நானும் மாமாவும் பின் சீட்டில் ஏறினோம். போதாது என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரையும் கூப்பிட்டோம். அவருடைய தொழில் திறமைக்காக அல்ல, உடம்புக்காக. "எடை போடத்தான் கூப்பிட்டீங்கன்னா டீயாவது வாங்கித் தரணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏறியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தை, பின்பக்க டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்புக்கு மின்சாரம் எந்நேரமும் போய்க்கொண்டே இருக்கும்படி, அதைத் திறந்து மூடும் ரிலே என்ற சின்னப் பெட்டியில் ஒரு குறுக்கு ஒயர் போட்டாள். பம்புக்குப் பக்கத்தில் ஒயர் முடிகிற இடத்தில் டெஸ்ட் விளக்கை இணைத்து, வாலை நீட்டி, பல்பைக் கண்ணாடிக்குக் கீழே முன்னால் தொங்கவிட்டாள். பல்பு எரியும்வரை பம்புக்கு மின்சாரம் போகிறது. வண்டி நின்று, பல்பும் அணைந்தால் வழியில் ஒயர் அறுபடுகிறது. வண்டி நின்றும் பல்பு எரிந்தால் குற்றம் வேறு எங்கோ.

அக்கா ஓட்டினார். மேடும் பள்ளமுமாக இருக்கும் ரோடுகளையே தேடிப் போனோம். பல்பு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பஞ்சர் கடைக்காரர் தன் மச்சானின் கல்யாணப் பஞ்சாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மேம்பாலத்தில் ஏறும்போது பாதிக் கதையில் பல்பு மங்கியது. மினுக்கென்றது. அணைந்தது. இன்ஜினும் நின்றது.

"யாரும் எறங்காதீங்க" என்றாள் அத்தை. "அசையாதீங்க. எடை மாறுனா மறுபடி நல்லாயிரும்."

பாலத்தின் நடுவே, நல்ல வெயிலில், நாங்கள் மூன்று பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒருவர் எட்டிப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். பிள்ளைகள் உள்ளே இருந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. அத்தை மட்டும் முன்சீட்டிலிருந்து கதவை மெதுவாகத் திறந்து இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, வண்டியின் அடியில் நுழைந்தாள். பம்புக்குப் போகும் ஒயரைக் கையால் பிடித்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தாள். பல்பைப் பார்ப்பது மாமாவின் வேலை.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"எரியுது. அணைஞ்சிருச்சு. எரியுது. அங்கதான், அங்கதான்."

பஞ்சர் கடைக்காரர் கை தட்டிவிட்டார். கண்டுபிடித்துவிட்டோம் என்று அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார், முகம் முழுக்கக் கண்ணீர். எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் வெளியே வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாமா இரண்டு முறை கூப்பிட்டார். கடைசியில் வெளியே வந்தவள், புழுதியைத் தட்டாமல், தற்காலிகமாக ஒரு ஒயரை மேலே இழுத்துக் கட்டியிருப்பதாகவும் ஷெட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஷெட்டில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து மேசையில் வைத்தாள். விரல் நீளம். ஒரு இடத்தில் மட்டும் லேசாக வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தில் பாம்பு கடித்த தடம் போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்த மாமா அப்படியே மூடிக்கொண்டார். அத்தை பிளேடால் தோலைக் கிழித்தாள். உள்ளே செம்பு இல்லை. பச்சையும் கறுப்புமாக ஒரு பொடி இருந்தது, மேசையில் உதிர்ந்தது. அதற்குள் இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிச்சம். காலி வண்டியில் அந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆள் ஏறி வண்டி இறங்கினால் ஒயர் இழுபட்டு விலகிவிடும். ஊசி போன ஓட்டை வழியே சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் போயிருக்கிறது. மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக.

முன்பு ஒருமுறை பெட்ரோல் முள் காட்டவில்லை என்று அக்கா வண்டியைக் கொண்டுவந்தபோது அத்தைதான் அடியில் படுத்து டேங்குப் பக்கம் போகும் ஒயர்களையெல்லாம் சோதித்தவள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

எனக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்று நேர்மையாக யோசித்துப் பார்க்கிறேன். பாவம் அத்தை என்று தோன்றவில்லை. ஆறு பிள்ளைகள் என்றும் தோன்றவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் வாசலைப் பார்த்தேன். அக்கா ரோட்டில் நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். காரணம் கிடைத்ததா என்று உள்ளே வந்து கேட்டார். கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எல்லோரிடமும் சொல்கிறேன் என்றாள் அத்தை. அக்கா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சைத் தொடங்கினார். ஒயர் பழசு, அரித்துப்போய்விட்டது, மாற்றியாயிற்று என்று சொன்னால் போதும். வங்கிக்காரர் கேட்டது காரணம்தானே, அதுதான் காரணம்.

"அதுல பொய் எங்க இருக்கு, சொல்லு?" என்றார்.

"பொய் இல்ல" என்றாள் அத்தை.

"அப்புறம்?"

மாமா என் பக்கம் திரும்பி, "படிச்சவளே, நீ சொல்லு" என்றார். மாமா சொல்வதுதான் சரி என்றேன். அக்காவுக்கு ட்ரிப் நிலைக்கும், ஷெட்டுக்குப் பெயர் நிலைக்கும், ஒயரும் புதிது, இனி யாருக்கு என்ன நஷ்டம்? இதை நான் நன்றாகவே அடுக்கிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இப்படி அடுக்கிச் சொல்லத்தான் கற்றுக்கொண்டேனா?

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ரோட்ல போற வண்டியெல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

காலையில் எழுந்ததும் அவள் முதலில் கூப்பிட்டது ஆம்புலன்ஸ் டிரைவரை. வெகுநாள் முன்னால் சைரன் விளக்கு எரியவில்லை என்று வந்த வண்டி. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று முணுமுணுத்தபடிதான் அவர் கொண்டுவந்தார். அத்தை அடியில் படுத்தாள். தான் எங்கே குத்தியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். டார்ச்சை நான் பிடித்திருந்தேன். கூரை விளக்குக்குப் போகும் ஒயர் சுத்தமாக இருந்தது. அதோடு சேர்த்துச் சோதித்த, இன்ஜினுக்குப் போகும் ஒயரில் இரண்டு புள்ளிகள். அவற்றைச் சுற்றி, ரொம்ப மெல்லியதாக, பச்சை.

அத்தை அதன்மேல் விரலை வைத்தபடி அப்படியே படுத்துக் கிடந்தாள். உள்ளே யாரையோ ஏற்றிக்கொண்டு அந்த வண்டி பாதி வழியில் நிற்பதை மனதுக்குள் நானும் பார்த்தேன், அவளும் பார்த்திருப்பாள். என் டார்ச் வெளிச்சம் ஆடியது. "நேரா புடிடி" என்று மட்டும் சொன்னாள். ஒயரை மாற்றி அனுப்பினாள். வண்டி போன பிறகு மாமாவிடம் போய் நின்றாள்.

"ஒரு வண்டின்னா நீங்க சொன்ன மாதிரி வாய மூடிக்கலாம். இது ஒரு வண்டி இல்லைங்க."

மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டு முன் அறையில் நாற்காலி போதாமல் சிலர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் அம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். அத்தை குடிக்கவில்லை. முடிச்சுப் போட்ட கைக்குட்டையிலிருந்து அந்த ஒயர் துண்டை எடுத்து வங்கிக்காரரின் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரித்துப்போயிருக்கிறது என்றார் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா.

"அரிச்சது தண்ணி. தண்ணி உள்ள போக ஓட்ட போட்டது நான்" என்றாள் அத்தை. "என் ஊசி. ரெண்டு தடவ குத்துறது என் பழக்கம். ஊசி போட்ட எடத்த மூடி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. உங்க வண்டிய எதையாவது நான் பாத்திருந்தா, கொண்டாங்க. எல்லாத்தையும் நானே பாத்துக் குடுக்கறேன்."

டீ டம்ளர்கள் அப்படியே கையில் நின்றன. யாரோ ஒருவர் தன் மனைவியை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். நம்ம வண்டி, என்று அந்த அம்மாவின் உதடு அசைந்தது. வங்கிக்காரர் ஒயரைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, இதுதான் காரணமா, வேறு எதுவும் இல்லையே என்று கேட்டார். இதுதான், பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று, வேறு இல்லை என்றாள் அத்தை. அவர் தலையசைத்தார். நாளையிலிருந்து அனுப்புகிறோம் என்றார் அக்காவிடம். அத்தையிடம் யாரும் எதுவும் பேசவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அறை காலியானதும், அக்கா இப்போது வந்து அத்தையின் கையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ட்ரிப் நிலைத்துவிட்டது அல்லவா? அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் முகத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு ரயில் வந்திருந்தா," என்றார் அக்கா, "அப்பவும் இதே மாதிரி ஒயரத் தூக்கிக்கிட்டு வந்து சொல்லியிருப்பியாக்கா?"

அத்தை காலிக் கைக்குட்டையில் மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"இனிமே என் வண்டியத் தொடாத."

அதற்குப் பிறகு ஷெட் வேறு மாதிரி ஆகிவிட்டது. சில பழைய ஆட்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சிலர் காட்டவில்லை. அத்தை தானே போய்க் கதவு தட்டிய வீடுகளில் ஒன்றிரண்டில், இருக்கிற வண்டியைக் கெடுக்க வந்தாயா என்று விரட்டினார்கள். ஒவ்வொரு வண்டியிலும் தன் இரண்டு புள்ளிகளைத் தேடிப் பிடித்து, பசை வைத்து மூடி டேப் சுற்றினாள். பெரும்பாலும் உள்ளே செம்பு சிவப்பாகவே இருந்தது. சிவப்பாக இருந்த ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டாள். பச்சையாக இருந்தால் அன்று சாப்பிடமாட்டாள்.

அக்கா எங்கள் வாசலைத் தாண்டித்தான் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கமாட்டார். ஒருநாள் அவருடைய வண்டி தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருந்த எலக்ட்ரீஷியனிடம் நிற்பதைப் பார்த்தோம். பின் விளக்கு எரியவில்லை போலும். அந்த ஆள் டிக்கியைத் திறந்து ஒயர்க் கற்றையை வெளியே இழுத்து, டெஸ்ட் விளக்கின் ஊசியை ஓங்கினார்.

அத்தை கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன். போட்டிக் கடை வாசலை மிதிப்பது இந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம்.

"குத்தாதப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யார் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. "ரெட்டைக்குத்து வந்து குத்தாதங்குது. குத்தாம எப்படிப் பாக்கறது, மோப்பம் புடிச்சா?"

அத்தை குனிந்து கற்றையைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதன்னு சொன்னேன்ல" என்றார் அக்கா. வண்டியின் மறுபக்கத்திலிருந்து.

அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். அங்கிருந்து நகரவில்லை. வண்டிக்கும் தனக்கும் இடையே ஒரு முழம் விட்டு நின்றபடி அந்த ஆளிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தாள். ஒயர் போய்ச் சேர்கிற கனெக்டரைப் பிடி. பக்கத்தில் ஒரு நாக்கு இருக்கும், அமுக்கு. கழன்று வரும். உள்ளே பித்தளை தெரிகிறதா? ஊசியை அதன்மேல் சும்மா வை. அழுத்தாதே, தொட்டால் போதும்.

அவர் பாதிச் சிரிப்போடுதான் செய்தார். பல்பு எரிந்தது. அடுத்ததைப் பார் என்றாள் அத்தை. அதற்கும் எரிந்தது. மூன்றாவதற்கு அவர் சிரிக்கவில்லை. எந்த நாக்கை அமுக்குவது என்று அத்தையைக் கேட்டார்.

அக்கா டிக்கியின் கதவு சரிந்து விழாதபடி ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.